எழுபத்திரண்டு கிலோ எடைக்கல்

அவரை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரைக் கேட்டுவிட்டு ஆள் ஒரு மாதிரி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தண்ணீரையும் காப்பியையும் தவிர வேறெதையும் தொண்டைக்குள் விடாத மனிதர். தராசுகளைப் பழுது பார்ப்பதும், சோதித்துச் சான்று கொடுப்பதும் அவர் தொழில். ஒரு மில்லிகிராம் கூடினாலும் விடமாட்டார், குறைந்தாலும் விடமாட்டார். கூட வேலை செய்தவர்கள் அதற்காக வைத்த பெயர் அது. பிழைக்கப் போன நாட்டில் பதினொரு வருடம் ஓடிய பிறகு, பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் அவருக்கே யாரோ ஒருவருடையது போலத்தான் இருந்தது.

அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்பது பெரிய பாடு. நகைக்கடையிலோ மருந்துக்கடையிலோ இருக்கும் கண்ணாடிக் கூண்டுத் தராசு என்றால், முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். பிறகு, “மூச்சை அந்தப் பக்கமா விடுங்க” என்பார். நீல வெல்வெட் விரித்த பெட்டியில், அதனதன் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் எடைக்கற்களை இடுக்கியால்தான் எடுப்பார். விரல் பட்டால் விரலின் பிசுக்கும் எடையில் சேர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. சோதனையில் தேறிய தராசுக்குப் பச்சை ஸ்டிக்கர். அதில் தராசின் எண், கொள்ளளவு, சோதித்த தேதி, அடுத்த சோதனைத் தேதி, சோதித்தவர் கையெழுத்து. தேறாததற்குச் சிவப்பு ஸ்டிக்கர். அதில் ஒரே வரி: பயன்படுத்தக் கூடாது. சோதித்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்பதில் அவர் ஒரே பிடி. ஒரு முறை முதலாளி, அவசரத்துக்கு ஆகும் என்று இருபது ஸ்டிக்கரில் முன்கூட்டியே கையெழுத்துக் கேட்டார். மில்லி முடியாது என்று சொல்லிவிட்டார். முதலாளி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கும் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. கிடங்குகளில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசைச் சோதிக்க, இருபது கிலோ இரும்புக் கற்களை வேனிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி வர வேண்டும். தூக்குவதற்கு முன்னால், தராசு உத்தேசமாகச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தானே அதன்மேல் ஏறி நிற்பார். சட்டை, பேண்ட், காலணி எல்லாம் சேர்த்து எழுபத்திரண்டு கிலோ. பதினொரு வருடமாக அதே எழுபத்திரண்டு. “மில்லி ஏறி நின்னா போதும், கல்லே வேணாம்” என்று கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள். உள்ளுக்குள் அவருக்கு அதில் பெருமை.

அந்த வருடம் ஊரில் உள்ள தராசுகளுக்கெல்லாம் என்னமோ ஆகிவிட்டது. ஒன்று எழுபது காட்டியது. அடுத்த மாதம் இன்னொன்று அறுபத்தொன்பது காட்டியது. ஈரக்காற்று உள்ளே இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அவர் மனைவி, பழைய துணிகளைப் பிடித்தும் பிரித்தும் தைத்துக் கொடுக்கும் கடையில் வேலை செய்பவள். அவருடைய பேண்ட்டை இரண்டாவது தடவை இடுப்பில் பிடிக்கும்போது, “என்னங்க, ரெண்டு இஞ்ச் குறைஞ்சிருக்கு” என்றாள். உன் டேப் இழுபட்டுப் போயிருக்கும், மாற்று என்று அதற்கும் பழியைத் தூக்கி டேப்பின் மேல் போட்டார்.

பிறகுதான் காய்கறிக் கிடங்கில் அந்தக் காரியத்தைச் செய்தார். அன்றைக்கு இரும்புக் கற்கள் வேறொரு வேனில் போய்விட்டன. கிடங்கு மேலாளரோ வாசலில் லாரி நிற்கிறது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மில்லி மேடையில் ஏறி நின்றார்; அறுபத்தேழு காட்டியது. அவர் தயங்கவே இல்லை. மூடியைத் திறந்து, உள்ளே இருந்த திருத்தும் திருகாணியைத் திருப்பி, எழுபத்திரண்டு காட்டும்வரை தராசைக் கூட்டிவைத்தார். பச்சை ஸ்டிக்கரை ஒட்டிக் கையெழுத்தும் போட்டார்.

பத்து நாளில் புகார் வந்தது. வெங்காய மூட்டை ஒவ்வொன்றும் இருப்பதைவிட அதிகமாக நிற்கிறதாம். முதலாளி கத்தவில்லை. சும்மா அவரைப் பார்த்தார், அவ்வளவுதான். மில்லிக்கு அதுவே போதும். நான்கு இரும்புக் கற்களோடு ஓடினார். எண்பது கிலோ வைத்தால் எண்பத்தாறு காட்டியது. திருத்தினார். எண்பது, எண்பதானது. நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. கற்களை இறக்கிவிட்டு அவர் ஏறி நின்றார்.

அறுபத்தாறு.

இறங்கி, மறுபடி ஏறினார். அறுபத்தாறுதான். இத்தனை மாதமாக எல்லாத் தராசும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. தேய்ந்துபோனது எடைக்கல். பயத்துக்கு நடுவிலும், இத்தனை இயந்திரங்கள் ஒரே குரலில் சொன்னதைத் தன் காது எப்படிக் கேட்காமல் போயிற்று என்று வியப்பாகவும் இருந்தது.

அதே வாரம் வலது விலாவில் அக்கி வந்தது. கச்சை கட்டியது போல ஒரு பக்கமாகக் கொப்புளம், சட்டை பட்டால் உயிர் போனது. மருத்துவமனையில் இருந்த டாக்டர் அவரைவிடப் பத்து வயது சிறியவர், வேற்று மொழிக்காரப் பெண். அக்கியைப் பார்த்தார், எடை குறைந்த கதையைக் கேட்டார், விட்டு விட்டு வந்த காய்ச்சலைப் பற்றிக் கேட்டார். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கலாமா என்று கேட்கும் அதே குரலில், எச்.ஐ.வி.யும் பார்த்துவிடலாமா என்றார்.

மில்லிக்கு முதலில் வந்தது நோய்ப் பயம் இல்லை, விசாப் பயம். இதற்கு முன் இரண்டு வருடம் வேறொரு நாட்டில் இருந்தவர். அங்கே ரத்தத்தில் இப்படி ஒன்று தெரிந்தால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை, இந்த அறையில் எழுதப்படுவது விசா அலுவலகத்துக்குப் போகாது, மருந்துக்கும் பணம் கிடையாது என்று டாக்டர் சொன்னார். தமிழில் சொல்ல ஆள் வேண்டுமா, தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்றும் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று தலையை ஆட்டினார் மில்லி. அந்த ஊரில் இருக்கும் தமிழர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்துவிடலாம். தொலைபேசியில் வருவது யாரோ ஒரு தெரிந்தவரின் மைத்துனியாக இருந்தால், பொழுது சாய்வதற்குள் மண்டபத்துக்கே தெரிந்துவிடும். இருக்கிற அரைகுறை மொழியிலேயே சமாளித்துக்கொண்டார்.

இருக்கிறது என்று வந்தது. ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிருமிகள். தன் பெயரிலேயே ஓர் அளவை இருந்தும் இப்படி ஓர் எண்ணை அவர் நிறுத்ததில்லை. டாக்டர் மாத்திரையைப் பற்றி நிறையப் பேசினார். அவர் காதில் விழுந்தது ஒன்றுதான்: உங்கள் மனைவியும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாரிடமிருந்து, எப்படி என்று கேட்கத் துடிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். டாக்டரே அதைக் கேட்கவில்லை. உங்களுக்கும் எனக்கும் எதற்கு? மனைவிக்கு விசா கிடைக்காத முதல் ஐந்து வருடம் அவர் தனியாக இருந்தார். அந்த வருடங்களில் நடந்தது அது. மனைவி வந்து ஆறு வருடம் ஆகிறது. ஆறு வருடமும் இரண்டு பேருக்கும் ஒரே கட்டில். மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் பிறந்து வளர்ந்த பிறகு நடந்த கதை என்பதால் அந்தப் பயம் இல்லை. ஆனால் மனைவி? எதுவும் தெரியாமல், அவர் பேண்ட்டின் இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கும் அவளுக்கும் கொடுத்துவிட்டாரா? வேறெந்த நினைப்பும் அவருக்கு ஓடவில்லை.

எட்டு நாள் சொல்ல முயன்றார். சோறு போடும்போது சொல்லலாம் என்பார். அவள் எதையாவது சொல்லிச் சிரித்துவிடுவாள். பேருந்தில் சொல்லலாம் என்பார். பக்கத்து இருக்கையில் யாராவது இருப்பார்கள். ஒன்பதாவது நாள், ரத்தத்தில் என்னவோ குறைகிறதாம், டாக்டர் இரண்டு பேரையும் வரச் சொன்னார் என்று அழைத்துப் போனார்.

அவளுக்கு அந்த நாட்டு மொழி அவ்வளவாக வராது என்பதால், இந்தத் தடவை தொலைபேசி வேண்டியிருந்தது. பேசுகிறவர் வேறு நகரத்தில் இருப்பவர், உங்கள் பெயர் அவருக்குத் தெரியாது, அவர் பெயர் உங்களுக்குத் தெரியாது என்று டாக்டர் உறுதி சொன்ன பிறகுதான் மில்லி சம்மதித்தார். மேசைமேல் வைத்த கருவியிலிருந்து ஒரு பெண்ணின் தமிழ்க் குரல் வந்தது. தான் மொழிபெயர்ப்பாளர் என்றும், யார் பேசினாலும் அவர் பேசுகிற மாதிரியே சொல்வது தங்கள் முறை என்றும் சொன்னது. மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. டாக்டரின் கோட்டுக்குக் கை நீளம் அதிகமா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்ல வேண்டியது நீங்கள்தான், நான் சொல்லக் கூடாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மில்லி மனைவியைப் பார்த்து வாயைத் திறந்தார். தமிழ் வரவில்லை. அவளைப் பெண் பார்த்த மொழி, மகளைக் கொஞ்சிய மொழி, அதில் இதைச் சொல்ல நாக்கு புரளவில்லை. கடைசியில் டாக்டர் பக்கம் திரும்பி, தராசு விஷயம் பேசும் அந்த ஊர் மொழியில், உடைந்த துண்டு துண்டாகச் சொல்லி முடித்தார்.

பிறகு கருவியிலிருந்து அந்தப் பெண் குரல் நிதானமாகச் சொன்னது:

“எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. நீ வர்றதுக்கு முன்னாடி வந்தது. எட்டு நாளா உன்கிட்ட சொல்ல முடியாம இருந்தேன். நீயும் டெஸ்ட் எடுத்துக்கணும்.”

மனைவி கருவியைப் பார்த்தாள். முகம் இளகிப்போயிற்று.

“அய்யோ பாவம். யாருங்க இந்தப் பொண்ணு?” என்றாள்.

கருவி கொஞ்சம் தடுமாறியது. “அம்மா, நான் மொழிபெயர்ப்பாளர்தான். இது உங்க வீட்டுக்காரர் சொன்னது” என்றது.

அவள் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவள் அழவில்லை. எழுந்து போய் நர்ஸிடம் விரலை நீட்டினாள்.

ஒரு சொட்டு ரத்தம், ஒரு பட்டை, இருபது நிமிடம். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் இருக்கிறது. தராசு நிலைகொள்ளும்வரை கண் இமைக்காமல் காத்திருப்பது மில்லிக்குப் பழக்கம்தான், ஆனால் அந்த இருபது நிமிடம் வேறு. முதல் கோடு பளிச்சென்று விழுந்தது. இரண்டாவது கோட்டுக்கான இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெள்ளையாக இருந்தது. இருபது நிமிடம் முடிந்தும் வெள்ளையாகவே இருந்தது.

ஆறு வருடம் ஒரே கட்டில். ஒன்றும் ஆகவில்லை. இது அதிர்ஷ்டம், இதை நம்பி இருக்கக் கூடாது, சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அதுவரையும் அதற்குப் பிறகு உங்கள் எண் இறங்கும்வரையும் ஆணுறை கட்டாயம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மில்லி கேட்டுக்கொண்டேதான் இருந்தார். ஆனால் கை தானாக எழுந்து, அந்தத் துக்கடாப் பட்டையைக் கும்பிட்டது.

வீட்டில் அவள் மூன்று நாள் பேசவில்லை. அவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்து சோபாவுக்குப் போனார்; அவள் தடுக்கவும் இல்லை. நான்காவது நாள் காலையில், காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“நோய்க்கு எனக்குக் கோபம் இல்ல. யாரோ ஒரு பொண்ணுன்னு நினைச்சப்பவே பாவம்னு சொல்லிட்டேன். நீங்கன்னு தெரிஞ்சதும் அதை மாத்திப் பேசறதுக்கு எனக்கு மனசு வரல. ஆனா எட்டு நாள் என் பக்கத்துலயே இருந்துட்டு வாயைத் திறக்கல பாருங்க, அதுதான் ஆறல. அந்தப் பழைய கதையை ஒரு நாள் கேப்பேன். கேக்கும்போது மறைக்காம சொல்லணும்.”

சொல்கிறேன் என்றார். ஒரு நாள் அவள் கேட்டாள், அவர் சொன்னார். அது அவர்கள் இரண்டு பேரோடு இருக்கட்டும்.

மாத்திரை ஒன்றுதான். தினமும் காலை ஏழு மணிக்கு. முதல் டப்பா கைக்கு வந்ததும் தொழில் புத்தி விடவில்லை. பட்டறைக்கு எடுத்துப் போய், கண்ணாடிக் கூண்டுத் தராசில், கதவை மூடி, இடுக்கியால் ஒன்றை வைத்தார். ஒரு கிராமும் சொச்சமும். அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அறுபத்தாறாயிரம் கிராம் மனிதனுக்கு ஒரு கிராம் காவல். ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை இது எப்படிச் சமாளிக்கும்? ஆனால் சமாளித்தது. ஒரு மாதத்தில் காய்ச்சல் நின்றது. இரண்டாவது மாதம் பசி வந்தது. சாதாரணப் பசி இல்லை, கல்யாண வீட்டுக்கு வெளியே காத்திருக்கிறவன் பசி. மனைவிக்கு மறுபடி செய்த பரிசோதனையிலும் ஒரே கோடு. பேண்ட் இடுப்பில் பிடித்திருந்த தையலை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட ஆரம்பித்தாள்.

மூன்று மாதம் கழித்து அவர் மட்டும் தனியாகப் போனார். டாக்டர் சிரித்த முகத்தோடு தாளை நீட்டினார்: கண்டறிய முடியவில்லை. இனி மாத்திரையை விடாமல் சாப்பிட்டுக்கொண்டு, அடுத்த பரிசோதனையிலும் இப்படியே இருந்தால், உங்களிடமிருந்து மனைவிக்கு வராது, பழையபடி இருக்கலாம் என்றார். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே துள்ளியிருப்பார்கள். மில்லி தாளில் இருந்த எண்ணைப் பார்த்தார். பூஜ்யம் என்று போடவில்லை. இருபதுக்குக் கீழே என்று போட்டிருந்தது.

அந்தக் குறியைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மூட்டை நிறுக்கும் தராசில் ஒரு குண்டூசியை வைத்தால் பூஜ்யம்தான் காட்டும். ஊசி இல்லையா என்ன? இருக்கிறது, தராசுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் அவர் சோறு சாப்பிட்டது இந்த ஓர் உண்மையை வைத்துத்தான். முன்பு தராசுகளை நம்பாமல் தன் உடம்பை நம்பிக் கெட்டார். அந்தச் சூட்டின் தழும்பு இருந்தும், இப்போது மறுபடி இயந்திரத்தை நம்பாமல் தன் மூளையை நம்பினார். அதுதான் அவர் செய்த இரண்டாவது தவறு. தராசுக்காரனைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

தன் தட்டில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார். பயன்படுத்தக் கூடாது. தம்ளரில் ஒன்று, சோப்புப் பெட்டியில் ஒன்று. தட்டாலும் தம்ளராலும் இது பரவாது என்று முதல் நாளே நர்ஸ் படம் போட்டுக் காட்டியிருந்தார். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒட்டினார். தலையணை சோபாவிலேயே கிடந்தது.

“டாக்டர்தான் சொல்லிட்டாங்கல்ல?” என்றாள் மனைவி.

“டாக்டருக்குத் தராசைப் பத்தித் தெரியாது” என்றார்.

ஒரு மதியம் அவள் வேண்டுமென்றே அவர் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். அவர் பாய்ந்து வந்து தட்டைப் பிடுங்கி, சோற்றைக் கொட்டி, வெந்நீர் விட்டுத் தேய்த்தார். முதுகைக் காட்டிக்கொண்டு தேய்த்ததால் அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. நோய் தெரிந்த அன்று அழாதவள், அன்றைக்கு அழுதாள். கிருமி அவளைத் தொடவே இல்லை. அந்தச் சிவப்பு ஸ்டிக்கர்தான் அவளிடமிருந்து புருஷனைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தது.

ஆறாவது மாதப் பரிசோதனைக்கு அவள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். எண் மறுபடியும் இருபதுக்குக் கீழே. தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று அவளே சைகையால் கேட்டு வாங்கினாள். அதே குரல். அவள் அதற்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, இவருக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, கேட்கச் சொல்லுங்கள் என்று அவரைக் கோத்துவிட்டாள்.

மில்லி கேட்டார். தமிழிலேயே கேட்டார், குண்டூசிக் கதையோடு. குரல் அதை அப்படியே அங்கே கடத்தியது. டாக்டர் சிரிப்பார் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“நீங்க சொல்றது சரி” என்று குரல் வந்தது. “இது பூஜ்யம் இல்ல. கிருமி உங்க உடம்புல ஒளிஞ்சிருக்கு. மாத்திரையை நிறுத்தினா திரும்ப வரும். ஆனா, உங்ககிட்ட இருந்து வராதுன்னு நாங்க இந்த மெஷினை நம்பிச் சொல்லல. மனுஷங்களைப் பார்த்துச் சொல்றோம்.”

பிறகு டாக்டர் விவரமாகச் சொன்னார். உங்களைப் போல ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத ஜோடிகள். மாத்திரையால் எண் இறங்கியவர்கள். பல நாடுகளில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள். ஆணுறை இல்லாமலே சேர்ந்து வாழ்ந்தார்கள். வருடக்கணக்கில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, மற்றவரின் ரத்தத்தை ஆராய்ச்சிக்காரர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். சிலருக்கு வந்தது. வந்தவர்களின் கிருமியை எடுத்து அதன் வம்சத்தையே ஆராய்ந்தார்கள். அது கூட வாழ்கிறவருடைய கிருமி இல்லை, வெளியிலிருந்து வந்தது.

“கூட இருந்தவங்ககிட்ட இருந்து எத்தனை பேருக்கு வந்துச்சு?” என்று கேட்டார் மில்லி.

“ஒருத்தருக்குக்கூட வரல.”

மில்லி நாற்காலியில் சாய்ந்தார். தராசு தன்னைப் பற்றித் தானே சொல்வதை அவர் ஒரு நாளும் நம்பியதில்லை. அதன்மேல் வைத்துப் பார்த்த கல்லைத்தான் நம்புவார். ஒரு கல், இரண்டு கல் இல்லை. நான்கு மூலையிலும் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்த பிறகுதான்.

“அப்போ அவங்கதான் எடைக்கல்லு” என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

குரல் கொஞ்சம் யோசித்து அதையும் மொழிபெயர்த்தது. டாக்டர் அவரையே பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையசைத்தார்.

பேருந்தில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். யார் அந்த ஜனங்கள்? ஒருத்தி மாவு மில்லில் வேலை செய்திருப்பாள், ஒருத்தன் பேருந்து ஓட்டியிருப்பான். பெயர் தெரியாது, முகம் தெரியாது. உலகத்தின் ஏதேதோ மூலைகளில், பயம் இருந்தும், ஒருவர் கையை ஒருவர் விடாமல் போய், என் ரத்தத்தை எடுத்துப் பாருங்கள் என்று வருடக்கணக்கில் கையை நீட்டியிருக்கிறார்கள். நம் தலையெழுத்து போகட்டும், பின்னால் வருகிறவனுக்காவது தெரியட்டும் என்றா? தெரியவில்லை. இந்தப் பேருந்தில் போகும் ஒரு தராசுக்காரன், தன் மனைவி பக்கத்தில் தைரியமாக உட்காருவதற்காக அவர்கள் தராசில் ஏறி நின்றிருக்கிறார்கள். அவருக்குக் கண் கலங்கியது. மறைக்கவும் இல்லை. மனைவி கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

மூளைக்கு ஏறிவிட்டது, கைக்கு ஏறவில்லை. அடுத்த இரண்டு நாளும் தலையணையைத் தூக்கப் போவார், திரும்பிவிடுவார். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டப் போவார், விட்டுவிடுவார். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாவது நாள் காலை, காய்கறிக் கிடங்கில் வேலை. அந்தக் கூத்துக்குப் பிறகு அவர் எந்த மேடையிலும் ஏறி நிற்பதை விட்டிருந்தார். ஒழுங்காக இரும்புக் கற்களைத் தூக்கி வந்து வைத்தார். எண்பது, எண்பதாகவே நின்றது. பச்சை ஸ்டிக்கர் தாளை எடுத்தால், அதில் ஒன்று குறைந்தது. கையெழுத்துப் போடாமல் அவர் ஒரு ஸ்டிக்கரையும் உரிப்பதில்லை. பைக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார், காணோம். எரிச்சலோடு அடுத்ததை எழுதி ஒட்டினார்.

“என்ன மில்லி, ஏறி நிக்கலையா?” என்று அவர்கள் மொழியில் வம்புக்கு இழுத்தார் கிடங்கு மேலாளர்.

மில்லி கொஞ்சம் தயங்கிவிட்டு ஏறினார். எண்கள் ஓடி நின்றன. எழுபத்தொன்று புள்ளி எட்டு. அவர் இறங்கவில்லை. வாசலில் லாரி ஹாரன் அடித்தது, மேலாளர் என்னமோ கேட்டார், எதுவும் காதில் ஏறவில்லை. தினம் ஒரு கிராமாகத் தின்று கிட்டத்தட்ட ஆறு கிலோவைத் திரும்ப வாங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். அவளுக்கு அன்று அரை நாள் வேலை. சோபாவில் தலையணையைக் காணோம். அலமாரியில் அவர் தட்டு இருந்தது; சிவப்பு ஸ்டிக்கர் இல்லை, எண்ணெய் போட்டுத் தேய்த்த பளபளப்பு மட்டும் இருந்தது. தம்ளரும் அப்படியே. படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தார். கட்டிலில், அவருடைய பழைய பக்கத்தில், தலையணை கிடந்தது. அதன் உறைமேல், காணாமல் போன பச்சை ஸ்டிக்கர்.

குனிந்து படித்தார். தராசின் எண் என்ற இடத்தில் அவர்கள் கல்யாணத் தேதி. கொள்ளளவு, எழுபத்திரண்டு கிலோ. சோதித்த தேதி, அன்றைய தேதி. அடுத்த சோதனை, ஆறு மாதம் கழித்து. டாக்டர் ரத்தம் கொடுக்க வரச் சொன்ன அதே தேதி. சோதித்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல முழுப் பெயரும் எழுதிப் போட்டிருந்தது.

அவள் கழுத்தில் டேப்போடு அறை வாசலில் வந்து நின்றாள்.

“யாரைக் கேட்டு இதை ஒட்டின?” என்றார். குரல் அவர் நினைத்த மாதிரி அதட்டலாக வரவில்லை.

“சோதிச்சவங்கதான் கையெழுத்துப் போடணும்னு நீங்கதானே சொல்வீங்க. இருபத்திரண்டு வருஷமா நான்தான் சோதிக்கிறேன். வேற யாரு போடறது?”

அவர் மறுபடி ஸ்டிக்கரைப் பார்த்தார். தப்பு கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடுமே.

“இருநூறு கிராம் கூடப் போட்டிருக்க. இன்னைக்குக் காலைல எழுபத்தொண்ணு புள்ளி எட்டுதான்” என்றார்.

“சாப்பிட வாங்க, சரியாயிடும்.”

அவர் வந்து உட்கார்ந்தார். அவள் அவருடைய தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, எதிரே அமர்ந்தாள். தனக்குத் தட்டு எடுக்கவில்லை. அவர் முதல் வாய் சாப்பிடும்வரை பார்த்திருந்துவிட்டு, கையை நீட்டி அந்தத் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்தாள். மில்லியின் கை ஒரு நொடி தட்டின் விளிம்புக்குப் போயிற்று. பிறகு, அவளுக்கு எட்டும்படி அதை நடுவில் நகர்த்தி வைத்தது.